படகுக்கு எந்த இன்ஜின்?

வட்டக்கானலில் மூடுபனிக்குள் உட்கார்ந்துகொண்டு கடல் படகு இன்ஜினைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். நம் கொடை ஏரியில் துடுப்பும் மிதியும்தான். ஆனால் நம்மில் பலருக்குப் பிள்ளைகளோ தம்பி மக்களோ கீழே கடற்கரைப் பக்கம் இருக்கிறார்கள். கையில் ஓய்வுப் பணம் வந்ததும் சிலருக்கு ஒரு ஃபைபர் படகு வாங்கி ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட வேண்டும் என்று ஆசை வருகிறது. காரைக்காலில் இருக்கும் என் தம்பி மகனுக்கும் வந்திருக்கிறது. இரண்டு மாதமாக ஒரே கேள்வி: "பெரியப்பா, நீங்கதான் அந்த ஃபைலெல்லாம் பாத்தவராச்சே. எந்த இன்ஜின் நம்பகமானது? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தை என்றால் டீசல். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

மீனவரின் இன்ஜின் தினமும் ஓடுகிறது. பொழுதுபோக்குக்காரரின் இன்ஜின் மாதத்தில் இரண்டு நாள் ஓடும், ஐப்பசி முதல் மார்கழி வரை அதுவும் கிடையாது. இன்ஜின் ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடுவதுதான் இவர்களுக்கு வரும் தொல்லை. விற்பனைக்காரர் வேகத்தையும் குதிரைத்திறனையும் சொல்வார். மூன்று மாதம் சும்மா கிடந்தபின் முதல் இழுப்பில் கிளம்புமா என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் பழைய டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு. இலேசானது, உள்ளே பாகங்கள் குறைவு. ஆனால் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், புகையும், எரிபொருளைக் குடிக்கும். தூண்டிலைத் தண்ணீரில் விட்டு வஞ்சிரத்துக்காகப் படகை மெதுவாக ஓட்டுகிறோமே, அந்த மெதுவான ஓட்டத்தில் ஸ்பார்க் பிளக் கரி பிடித்துக்கொள்ளும். மேற்குக் கரையில் கேரளத்து மீனவர்கள் அவுட்போர்டை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பிழைத்தார்கள். அது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு அந்தப் பாடு தேவையில்லை.

அடுத்தது ஃபோர்-ஸ்ட்ரோக். சத்தம் குறைவு, செலவும் குறைவு, மெதுவாக ஓட்டினாலும் முனகாது. நல்ல இன்ஜின்தான், மறுக்கவில்லை. என் சந்தேகம் அதன் வயிற்றுக்குள் போகும் பெட்ரோல் மீது. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். காரில் தினமும் செலவாகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. உப்புக்காற்றில் அரை டாங்க் பெட்ரோலோடு இரண்டு மாதம் படகு கிடந்தால், இழுத்த தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்க்கின் அடியில் தனியாகப் பிரிந்து நின்றுவிடலாம். குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஃபோர்-ஸ்ட்ரோக்தான் வாங்குவேன் என்பவர்கள் கையில் தூக்கும் சின்ன டாங்க் வைத்துக்கொண்டு, போகும் அன்றைக்குப் பெட்ரோல் வாங்கி, மிச்சத்தை அன்று மாலையே ஸ்கூட்டரில் ஊற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினைக் கழுவ வேண்டும். கடல்நீரை இழுத்துத்தான் அது தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது, அந்த உப்பு உள்ளேயே உறைந்துவிடும். ஓடும்போது பக்கத்தில் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். அநேகமாக உள்ளே இருக்கும் ரப்பர் சுழலி போயிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுவது நல்லது.

இனி என் கட்சி. நம் தலைமுறைக்கு டீசலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிணற்றடியில் டுப் டுப் என்று ஓடிய ஆயில் இன்ஜினைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிர்லோஸ்கர் புனேயில் ஆயில் இன்ஜின் கம்பெனி தொடங்கியது 1946-இல். ஸ்பார்க் பிளக் கிடையாது, காயில் கிடையாது. காற்றை அழுத்தினால் வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. உப்பு ஈரம் முதலில் கெடுப்பது மின்சாரச் சாமான்களைத்தான். கெட அவை இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பெட்ரோல் ஆவி படகின் அடியில் தேங்கி ஒரு பொறியில் வெடிக்கும் பயமும் டீசலில் மிகவும் குறைவு.

2004 சுனாமிக்குப் பிறகு நம் சோழமண்டலக் கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தபோது, பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில் ஏறியது இப்படிப்பட்ட சின்ன டீசல்தான். ஒற்றை சிலிண்டர், ஒன்பது பத்து குதிரைத்திறன், நீளமான தண்டு ஒன்று பின்னால் வால் மாதிரி நீண்டு, அதன் நுனியில் விசிறி. கரைக்கு வரும்போது வாலைத் தூக்கிவிட்டு அலையோடு மணலில் ஏறிவிடலாம். காற்றால் குளிரும் வகையானால் கடல்நீர் உள்ளே போகும் வழியே இல்லை. தினம் கடலுக்குப் போகிறவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்ததை, மாதம் இரண்டு நாள் போகிறவர் அலட்சியப்படுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

குறை இல்லாமல் இல்லை. காது கிழியும். கை நடுங்கும். பேச்சுத் துணைக்கு ஆள் கூட்டிப் போனால் பேச முடியாது. ஹேண்டில் போட்டுக் கிளப்பும் வகையாக இருந்தால் ஐம்பதைத் தாண்டியவர்கள் பழைய லாரி கிளீனர்களின் பாடத்தை நினைவில் வைக்க வேண்டும்: கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காமல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் கை தானாக விடுபட்டுவிடும். சுற்றிப் பிடித்தவர்களுக்கு மணிக்கட்டு போயிருக்கிறது.

தம்பி மகன் சொன்ன அந்த ஃபைல்கள், நான் எழுத்தராக இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த இன்ஜின் மானிய விண்ணப்பங்கள். அவற்றில் ஒரு ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இன்ஜினையே கேட்டிருப்பார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் வேறொன்றை. ஏன் என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "எங்க ஊரு மெக்கானிக்குக்கு இதுதான் சார் தெரியும்" என்றார். தொழில்நுட்பக் குறிப்பேடு எதிலும் இல்லாத நியாயம் அது. நம் மலையிலும் பழைய மஹிந்திரா ஜீப் இன்னும் ஓடுவது எதனால்? எந்த மூலையில் நின்றாலும் திறந்து பார்க்க ஒரு ஆள் உண்டு. அதனால் தம்பி மகனிடம் சொன்னேன்: இன்ஜின் கடைக்குப் போகும்முன் பட்டறைக்குப் போ. எந்த இன்ஜினுக்கு பிஸ்டன் ரிங்கும் நாசிலும் அலமாரியில் வைத்திருக்கிறார் என்று பார். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்கிற இன்ஜினுக்கு, அந்தக் கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தால், அது காரைக்காலில் நம்பகமான இன்ஜின் இல்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன், ஒரு சொல்லைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வண்டி பழுதாகி நின்றால் அங்கே 'பான்' என்பார்கள். அது படகுக்காரர்களின் சொல். பாய்களைத் திருப்பிப் படகை நடுக்கடலில் நிறுத்திவைப்பதற்குச் சொன்னது, பிறகு கார், மின்சாரம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. எரிபொருள் தீர்ந்து நின்றால் 'பான் சேஷ்', உலர்ந்த பழுது. எந்த இன்ஜினானாலும் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் எரிபொருளில்தான் இருக்கும். அழுக்கு, தண்ணீர், அல்லது தீர்ந்துபோனது. டீசல் டாங்க்கை மழைக்காலத்துக்கு மூடிவைக்கும்போது நிரப்பி மூட வேண்டும். காலி இடம் இருந்தால் ஈரம் வியர்த்துத் தண்ணீராக இறங்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைக் கட்டாயம் போட வேண்டும்.

உபரி இன்ஜின் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டான். வைத்துக்கொள்ளலாம், சின்னதாக. ஆனால் இரண்டுக்கும் ஒரே டாங்க் கூடாது. முதல் இன்ஜினை நிறுத்திய அழுக்கு எண்ணெய் இரண்டாவதையும் நிறுத்தும். பணம் போதாவிட்டால் இரண்டு துடுப்பும் ஒரு நங்கூரமும் போதும். முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றால், துடுப்பைவிட நங்கூரம்தான் முதலில் வேண்டியிருக்கும்.

கடைசியாக பேட்டரி மோட்டார். கடலுக்கு வேண்டாம் என்றேன். எதிர்க்காற்றில் சார்ஜ் எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏரிக்கு அருமையானது. லெவிஞ்ச் துரை 1863-இல் உண்டாக்கிய நம் ஏரியில் என்றாவது மோட்டார் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாராவது கிளம்பினால், ஊட்டியில் போல டுப் டுப் வேண்டாம், இதை விடட்டும். புதிய சரக்கு என்று நினைக்காதீர்கள். கழற்றி மாட்டும் படகு மோட்டாரை குஸ்தாவ் த்ரூவே பாரிஸில் சேன் நதியில் ஓட்டிக்காட்டியது 1881-இல், அதுவே மின்சார மோட்டார்தான். நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் போனதாம். நம் படகுத்துறைப் பையன்கள் சுற்றுலாக்காரர் நான்கு பேரை வைத்துக்கொண்டே அதைவிட வேகமாகத் துடுப்புப் போடுவார்கள்.