உப்பு மலையடியில் ஓர் ஏரியூர்

ஆஸ்திரியா தேசத்தில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில், ஏரிக்கரையோரமாக ஹால்ஷ்டாட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய 750. ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒன்று கூட்டினால் இதைவிட அதிகம் பேர் தேறுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரிலே கோடையில் ஒரே தினத்தில் 10,000 பேர் வரை வந்து இறங்கியதுண்டு! உச்சிவேளையில் வந்து, படம் பிடித்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடும் இவர்கள் கண்டது ஊரையா, ஊரின் படத்தையா? இக்கேள்வியையே இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

ரயில் ஸ்டேஷன் ஏரியின் கீழ்க்கரையில், ஊரோ மேற்கரையில். ரயிலில் வருவோர் படகேறியே அக்கரை சேரவேண்டும். 1890-ஆம் வருஷம் வரையில் கரையோரச் சாலைகூடக் கிடையாது. மலைக்கும் நீருக்கும் நடுவே நிலம் அத்தனை சொற்பம். இறந்தோருக்கும் இடம் போதவில்லை. ஆகவே பழைய கல்லறைகளைத் திறந்து, மண்டையோடுகளில் பெயரும் பூவும் இலையும் தீட்டி, மாதா கோயிலை அடுத்த சிற்றாலயத்தில் அடுக்கி வைத்தார்கள். அவ்விதம் தீட்டியவை சுமார் 600 இன்றும் அங்கே உள்ளன.

இத்தனை நெருக்கடியான இடத்தில் மனிதர் ஏன் குடியேறினார்கள்? உப்புக்காகத்தான். மலையின் வயிற்றிலே உப்புப் பாறை இருக்கிறது. சுரங்கத்தினுள் அகப்பட்ட மரப்படிக்கட்டு ஒன்றின் வயது 3,000 வருஷங்களுக்கு மேல். 1846-இல் ராம்ஸௌவர் என்ற சுரங்க அதிகாரி மலைமேல் பண்டைக் கல்லறைகளைத் தோண்டத் தொடங்கினார். அதன் பயனாக ஐரோப்பிய இரும்பு யுகத்தின் முற்பகுதிக்கே இவ்வூரின் பெயர் நிலைத்தது.

இனி, பருவங்களைப் பார்ப்போம். வசந்தத்தில் பனி உருகி, ஊர் நடுவே அருவி பெருக்கெடுத்து விழுகிறது. கோடையின் முகப்பில் தேவநற்கருணைப் பவனி படகுகளிலேறி ஏரியின்மீது செல்கிறது. இலையுதிர் காலத்தில் லார்ச் மரங்கள் பொன்னிறம் பெறுகின்றன. காலை மூடுபனியில் எதிர்க்கரை மறைந்துபோகிறது. குளிர்காலத்திலோ உயர்ந்த மலைகள் சூரியனை மறைக்க, வெயில் அரிய விருந்தாளியாகிறது. இந்த நான்கும் சேர்ந்ததே ஊர். ஜனக்கூட்டம் காண்பது ஒரு மத்தியானத்தை மட்டுமே.

1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இப்பிரதேசம் சேர்ந்தது. 2012-இல் சீன தேசத்தின் குவாங்டாங் மாகாணத்தில் இதைப் போலவே மற்றோர் ஊரைக் கட்டிவிட்டார்கள்! வீடுகளைப் போலச் செய்துவிடலாம். சுரங்கத்துக்குச் சென்று உழைத்த தலைமுறைகளை எங்ஙனம் போலச் செய்வது? 2023-இல் ஊரார், படம் பிடிப்போரின் நெரிசலும் கூச்சலும் பொறுக்கமாட்டாமல், காட்சியை மறைத்து மரவேலி ஒன்றை நிறுத்தினார்கள். எதிர்ப்புக் கிளம்பவே விரைவில் அதை அகற்றிவிட்டார்கள். தங்கள் ஏரியைத் தாங்களே மறைக்கத் துணிந்தார்களென்றால், அவர்கள் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

யாத்திரை செல்வது குற்றமென்று நாம் சொல்லவில்லை. சுற்றுலாவால் அவ்வூருக்குப் பிழைப்பும் நடக்கிறது. ஆயினும் பிறர் வாழும் வீதி நமக்குக் காட்சிச்சாலை அல்ல. செல்வோர் கூட்டமில்லாத பருவத்தில் சென்று, ஓர் இரவேனும் தங்கி, கடைசிப் படகு போனபின் கரையில் சற்று நிற்கட்டும். அப்பொழுது கேட்கும் நிசப்தமே அவ்வூராரின் உண்மையான சொத்து. அதை விருந்தாளியாக அநுபவிக்கலாம், சூறையாடக் கூடாது.