பையைப் பார்த்துக்கொள்பவர்கள்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் குடும்பங்களைக் கவனித்தால் தெரியும், பெரும்பாலும் ஒருவர் குளிக்காமல் இருப்பார். முழங்கால் வலிக்கார ஆச்சி, ஊன்றுகோலோடு வந்த சித்தப்பா. “நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிடுதேன்” என்பார். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய குற்றாலத்தின் படிக்கட்டுகளையும் பாசி வழுக்கும் தரையையும் எண்ணி, தானே விலகிக்கொள்கிறார். பாசமுள்ள குடும்பத்துக்குள் நடப்பதால் இதை ஒதுக்கல் என்று யாரும் நினைப்பதில்லை. “வீல்சேரில் இங்கே யார் வருகிறார்கள், சாய்தளம் எதற்கு?” என்று கேட்பவர்களும் இதைத்தான் காணத் தவறுகிறார்கள். வழி இல்லாததால்தான் வீல்சேரில் இருப்பவர்கள் வரவில்லை.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னாளில் அவரோடு சேர்ந்த சங்கரராமன், தசைச்சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர். தடை எங்கே இருக்கிறது என்பதை உடம்பால் அறிந்தவர்களே அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்கள். அந்தச் சங்கத்தின் வலிமையே அதுதான் என்பேன்.

அந்த அறிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சாய்தளமே சாட்சி. ஓரடி உயரம் ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஆனால் எத்தனையோ கட்டடங்களில் வாசலோரம் மிஞ்சிய நாலடிக்குள் செங்குத்தாகச் சிமென்ட் பூசி முடித்துவிடுகிறார்கள். ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டும். இறங்கும்போது நாற்காலி ஆளைக் கவிழ்க்கும். வீல்சேரில் இருக்கும் ஒருவரை ஒரே ஒருமுறை ஏறச் சொல்லியிருந்தால் போதும், பிழை அன்றே தெரிந்திருக்கும். நல்ல சாய்தளமோ தள்ளுவண்டிக் குழந்தைக்கும், மூட்டை சுமப்பவருக்கும், அந்த ஆச்சிக்கும் சேர்த்தே உதவும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழக சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

குற்றாலம் ஒரு பேரூராட்சி; அந்தத் திருத்தம் அதற்கும் பொருந்தும். அருவிக்கரையில் இனி எந்த வேலை எடுத்தாலும், கைப்பிடிக் கம்பியோ, உடைமாற்றும் அறையோ, அதன் வரைபடம் ஒப்பந்ததாரர் கைக்குப் போகும் முன் அந்த நியமன உறுப்பினரின் மேசைக்கும் ஆய்க்குடிக்கும் போக வேண்டும்.