பெட்டி போய்ச் சாவி வந்த கதை

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள நண்பர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுவதுண்டு. சென்ற கூட்டத்தில் பேச்சு கியூப் நிறுவனத்தின் பக்கம் திரும்பியது. “சென்னையில் எழுதிய மென்பொருள் இன்று வெளிநாட்டுத் திரையரங்குகளுக்கும் படம் அனுப்புகிறது. தமிழன் பெருமைப்பட இதைவிட என்ன வேண்டும்?” என்றார் ஒருவர். “ஃபிலிமைக் கொன்றவர்கள் இவர்கள்தாம்” என்றார் இன்னொருவர். இவ்விரண்டு வாசகங்களும் சிற்றிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போனவை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் தப்பித்துக்கொள்ள இரண்டுமே உதவுகின்றன என்பது எங்கள் கட்சி.

வரலாற்றைச் சொல்லிவிடுவோம். ஜெயேந்திராவும் செந்தில் குமாரும் 1986இல் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனத்தின் பிள்ளைதான் கியூப். விளம்பரப் படங்களில் தொடங்கியவர்கள், தொண்ணூறுகளில் ஆவிட் கணினித் தொகுப்பையும் டி.டி.எஸ். ஒலியையும் இங்கே கொண்டுவந்தார்கள். கணினியில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படும் ‘மகாநதி’ 1994இல் வந்தது. 2000களின் நடுப்பகுதியில், படத்தைச் சுருளில்லாமல் திரையரங்குக்குக் கொண்டுசேர்க்கும் கியூப் அமைப்பு வந்தது. மும்பையின் யுஎஃப்ஓ நிறுவனம் அதே காலத்தில் செயற்கைக்கோள் வழியாக அந்த வேலையைச் செய்தது. நடிகர்களின் பட்டப்பெயர் மாறிய வரலாற்றை ஆண்டு வாரியாக எழுதத் தெரிந்த நம் திரை எழுத்து, இந்த மாற்றத்துக்குத் தந்த கவனம் சொற்பம்.

மாற்றம் சிறிதல்ல. ஃபிலிம் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு அடி. ஒரு பிரதிக்கு அரை லட்சம் ரூபாய்க்கும் மேல் செலவு. அதனால் பிரதிகள் எண்ணித்தான் போடப்பட்டன. பெரிய நடிகரின் படமென்றால் காஞ்சிபுரத்துக்கு முதல் நாளே பெட்டி வந்துவிடும். ‘பெட்டி வந்துவிட்டதா’ என்று திரையரங்க வாசலில் காத்துக் கிடந்தவர்கள் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பெட்டிக்குச் சூடம் காட்டியவர்களும் இருக்கிறார்கள். மற்ற படங்கள் ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, கோடு விழுந்து, ஒட்டுப்போட்டு வந்து சேரும். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் ஒரே தரத்தில் படம் என்பதைச் சாத்தியமாக்கியது கியூப் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்தான். இதை மறுப்பவர் சிற்றூரில் படம் பார்க்காதவர்.

ஆனால் பெட்டிக்குப் பதிலாக வந்தது என்ன? ஹாலிவுட் நிறுவனங்கள் கூடி 2005இல் வெளியிட்ட டி.சி.ஐ. விதிமுறைகளின்படி, படம் எண்களாகி, மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டு வருகிறது. அதைத் திறக்கும் சாவி தனியே வரும். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் மட்டும், இந்த நாள் இந்த மணி முதல் அந்த நாள் அந்த மணி வரை மட்டும் வேலை செய்யும். காலம் கடந்தால் திரையரங்கில் இருக்கும் கோப்பு வெறும் எண் குப்பை. அரிசி மூட்டையைக் கொண்டுசேர்ப்பதுபோல் படத்தைக் கொண்டுசேர்க்கும் தொழில் என்று இதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இது சாவியை வழங்கும் தொழில்.

இந்தத் தொழிலைச் சுற்றி நடந்த சண்டைகள் நமக்குத் தெரியும். வி.பி.எஃப். என்னும் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை புதுப்படங்களை வெளியிடவில்லை. பிரதி போடும் செலவு மிச்சமானதற்கு ஈடாக, திரையரங்கின் புது இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் தரும் பங்கு அது. இயந்திரத்தின் விலை எப்போதோ தேறிவிட்ட பிறகும் ஏன் தர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. 2020 நவம்பரில், பெருந்தொற்றுக்குப் பின் திரையரங்குகள் திறந்தபோது அதே வழக்கு மீண்டும் எழுந்தது. வாடகைக்கு இயந்திரம் எடுத்த திரையரங்குகள் பிறர் வழியாக வரும் படங்களைத் திரையிட முடியாதபடி ஒப்பந்தத்தில் கட்டியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் யுஎஃப்ஓ, கியூப் இரு தரப்புக்கும் அபராதம் விதித்தது. (பாவும் ஜரிகையும் அடுத்தவருடையது, கால் வலி மட்டும் தன்னுடையது என்று நெய்துகொண்டிருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒப்பந்தம் புரிய வழக்கறிஞர் தேவையில்லை.)

இத்தனை சண்டையும் வாடகையைப் பற்றியது. சாவி காலாவதியான பிறகு படம் என்ன ஆகும் என்று தயாரிப்பாளரும் உரக்கக் கேட்கவில்லை, திரையரங்க உரிமையாளரும் கேட்கவில்லை. இலக்கியம் படிக்கிற நாமாவது கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் நம் இலக்கியம் உயிர் பிழைத்ததே பூட்டில்லாத பிரதிகளால்தான். உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தது எப்படி? மடத்துப் பரண்களிலும் கவிராயர் வீடுகளிலும் கிடந்த ஏடுகளைத் தேடியெடுத்து. ஏட்டை வைத்திருந்தவருக்கு அதன் பொருள் தெரியாமல் இருந்திருக்கலாம். செல்லரித்துப் பாதி போயிருக்கலாம். ஆயினும் எழுத்துத் தெரிந்தவன் எடுத்துப் படிக்க யாருடைய சாவியும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் பகுதி நெசவாளர், பாட்டி காலத்துப் புடவை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, மறந்துபோன புட்டாவை மறுபடி கட்டத்தாளில் ஏற்றிவிடுவார். ஃபிலிம் துண்டும் அப்படித்தான். வெளிச்சத்தில் பிடித்தால் முகம் தெரியும்.

“மூலப்பிரதி தயாரிப்பாளரிடம் பூட்டில்லாமல்தானே இருக்கிறது?” என்று கேட்பார்கள். எங்கே இருக்கிறது? ஒரே படம் எடுத்துக் கடனாளியாகித் தொழிலைவிட்டே போனவரின் வீட்டில், இயங்குமோ இயங்காதோ தெரியாத ஒரு வன்தட்டில். மூலத்தை நம்பிப் பயனில்லை என்பதைத் திரை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் காணாமற்போன பகுதிகள் 2008இல் கிடைத்தது ஜெர்மனியில் அல்ல, புவனோஸ் ஐரெஸ் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில். எங்கோ அனுப்பிய விநியோகப் பிரதியின் வழியில் வந்த படி அது. சிதறிக் கிடந்ததே அந்தப் படத்தைக் காப்பாற்றியது. பூட்டிய கோப்பு ஆயிரம் அரங்குகளுக்குச் சிதறினாலும் ஒன்றும் மிஞ்சாது.

ஃபிலிமுக்காக அழுபவர்களிடமும் ஒரு வார்த்தை. ஃபிலிம் இருந்த காலத்தில் நாம் என்ன காப்பாற்றினோம்? 1931இல் வந்த ‘காளிதாஸ்’ நம்மிடம் இல்லை. வெள்ளி எடுப்பதற்காகச் சுருள்களை எடைக்குப் போட்டது எந்த மென்பொருள் நிறுவனமும் அல்ல. நம் அலட்சியம் பழையது. முன்பு அலட்சியத்தையும் மீறி ஏதாவது ஒரு பெட்டி எங்காவது தப்பிக் கிடந்தது. இப்போது அந்தத் தற்செயலுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டோம், அவ்வளவுதான்.

கியூப்பைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் விரும்பவில்லை. திருட்டு வி.சி.டி.க்குப் பயந்து பூட்டைக் கேட்டவர்கள் தயாரிப்பாளர்கள். அந்தப் பயமும் நியாயமானதே. ஆனால் திருட்டுக்குப் பயந்து போடும் பூட்டுக்கு ஓர் ஆயுள் உண்டல்லவா? படம் திரையரங்கைவிட்டு இறங்கிச் சில ஆண்டுகள் சென்றபின் யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற அந்தப் பூட்டு? அச்சான ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்று 1954இல் சட்டம் செய்தவர்கள் நாம். அதே முறையில், வெளியாகும் ஒவ்வொரு தமிழ்ப் படத்திலும் பூட்டில்லாத ஒரு படி பொதுக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கங்களிடமும் அரசிடமும் கேட்போம். படங்களையும் சாவிகளையும் கையாளும் நிறுவனங்களுக்கு இதற்கான தொழில்நுட்பம் கைவந்த கலை. யார் செலவு செய்வது என்ற பேரத்தை அவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளட்டும், வி.பி.எஃப்.புக்காக நடத்திப் பழகியவர்கள்தானே.

திண்ணையில் பெருமை பேசிய நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் ‘மகாநதி’க்கு இன்னும் சுருள் இருக்குமா?” என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.