கருவுற்ற தாய்மாரும் சர்க்கரைக் கண்காணிப்பும்

நீரிழிவு செல்வந்தர் வியாதி என்று சொல்லிவந்த காலம் மலையேறிவிட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் தேசமெங்கும் நடத்தப்பெற்று 2023-ல் வெளியான ஆய்வின்படி, புதுச்சேரியில் வயது வந்தோரில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் இவ்வியாதி உண்டு. கோவா ஒன்றே நம்மை முந்தி நிற்கிறது. தவளக்குப்பத்திலும் பாகூரிலும் கழனி வேலை செய்யும் பெண்டிரும் இதற்கு விலக்கல்லர்.

கர்ப்ப காலத்தில் இதன் அபாயம் இரட்டிப்பாகும். தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சேர்கிறது. அதைச் சமாளிக்கச் சிசு இன்சுலினை மிகுதியாகச் சுரந்து அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிறந்தவுடன் தாயின் சர்க்கரை நின்றுபோக, குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும்.

நோயைக் கண்டறிவதில் தமிழ்நாடு வழிகாட்டியது. சென்னை டாக்டர் வீ. சேஷையா போன்றோரின் முயற்சியால், கருவுற்றோர் யாவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை 2007-ல் அங்கு கட்டாயமாயிற்று. 75 கிராம் குளுக்கோஸ் பருகிய இரண்டு மணி கழித்து இரத்தத்தில் 140 மில்லிகிராம் இருந்தால் நோய் உண்டெனக் கொள்வர். பட்டினி கிடக்கவும் தேவையில்லை.

ஆயினும், கண்டறிந்தபின் கண்காணிப்பது எவ்வாறு? விரலைக் குத்திப் பார்க்கும் சோதனை அந்த ஒரு கணத்திற்கே சாட்சி. நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்ததற்குச் சாட்சி யார்? தோலின் அடியில் மெல்லிய இழையைப் பொருத்திச் சில நிமிஷங்களுக்கொருமுறை அளவு காட்டும் கருவி அக்குறையைத் தீர்க்கிறது. முதல்வகை நீரிழிவுள்ள கர்ப்பிணிகளிடம் பல தேசங்களில் நடத்தி 2017-ல் வெளியிட்ட சோதனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளுக்கு மேல் தங்க நேர்ந்த குழந்தைகள் நூற்றுக்கு 43-லிருந்து 27 ஆகக் குறைந்தனர். இங்கிலாந்தின் வைத்திய நெறி நிலையம் 2020-ல் அத்தகைய கர்ப்பிணிகள் அனைவருக்கும் இக்கருவியை அளிக்கும்படி விதித்தது.

இங்கோ, பத்துப் பதினான்கு நாளில் மாற்றவேண்டிய இக்கருவி ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். கூலிக் குடும்பம் எங்கே போகும்? கர்ப்பிணிகள் யாவருக்கும் இதைக் கொடு என்று நாம் கேட்கவில்லை. ஆகாரக் கட்டுப்பாட்டினாலேயே சர்க்கரை அடங்குவோருக்கு இதனால் அதே நன்மை உண்டென்பது இன்னும் ஐயமற நிரூபிக்கப்படவில்லை. நியாயம் முழுமையாக நிலைநாட்டப்பட்ட இடத்தில் முதலில் செலவிடுவதே விவேகம். முதல்வகை நோயுள்ள கர்ப்பிணிகளுக்குப் பிரசவம்வரை இக்கருவியை இலவசமாக வழங்குவது ஸர்க்காரின் கடமை. அவர்களின் தொகை சிறிது. ஆதலால் பணமில்லை என்னும் சமாதானம் செல்லாது. மலிவான கருவிகளை நம் தேசத்திலேயே செய்விப்பது அடுத்த படி.

அதுவரை ஊர்த் தொண்டர் வாளாவிருத்தல் தகாது. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் பரிசோதனைக்குச் சென்றாளா என்று விசாரியுங்கள். கணவன்மாரை உடன் அனுப்புங்கள். பிறவாத குழந்தை மனுக் கொடுக்கமாட்டாது. அதற்காகப் பேசவேண்டியவர் நாமே.