இருவர் நடக்க ஒரு தீவு

"ராமேசுவரத்துக்கா? யாருக்குத் திதி?"

நானும் என் மனைவியும் மூன்று நாள் ராமேசுவரம் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் ஆண்டிபட்டித் தெருவில் எழுந்த முதல் கேள்வி இதுதான். திதியும் இல்லை, வேண்டுதலும் இல்லை, அந்தத் தீவைக் காலால் நடந்து பார்க்கப் போகிறோம் என்றேன். கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், காரு கிடைக்கலையா?" என்றார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நடப்பது நம் பக்கத்து மனிதர்களுக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம். கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் சாலையில் ஐயப்ப பக்தர்கள் நடந்து போவதைப் பார்க்கிறோம். சாமிக்காக நடந்தால் பக்தி. டாக்டர் சொல்லி நடந்தால் வைத்தியம். புருஷனும் பெண்சாதியும் சும்மா சந்தோஷத்துக்காக நடந்தால் மட்டும் அதற்கு நம்மிடம் பெயர் இல்லை!

அந்தப் பெயரில்லாத காரியத்தைத்தான் இன்று வாசகர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: இருவர் போகிற பிரயாணத்துக்கு இருவரும் உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

ஏன் தீவு?

கொடைக்கானல் பக்கத்தில் இருக்கும்போது தீவு எதற்கு என்று கேட்கலாம். மலைப்பாதையில் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. மூச்சு வாங்குவதால் பேச்சும் வராது. தீவு அப்படியல்ல. தரை சமம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம், பேசிக்கொண்டே நடக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கடல் வந்து "போதும்" என்று சொல்லிவிடும்.

மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருக்கின்றன. ஆனால் அவை 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. நினைத்தபோது இறங்கி உலவ முடியாது. நமக்கு ஏற்றது மக்கள் வாழும் பாம்பன் தீவுதான். பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், ராமேசுவரம், தனுஷ்கோடி என்று வரிசையாக ஊர்கள். இளைப்பாற டீக்கடை உண்டு. கால் வலித்தால் ஏறிக்கொள்ள பஸ் உண்டு.

ஆண்டிபட்டிக்காரர்களுக்கு இன்னொரு சொந்தமும் இருக்கிறது. வருஷநாட்டு மலையில் பிறந்து, நம் ஊருக்கு அருகே 1959ல் திறந்த அணையில் தங்கி, அப்புறம் புறப்படும் வைகை, ராமநாதபுரம் சீமையைக் கடந்து அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில்தான் கடலைத் தேடிப் போகிறது. ரயிலில் மதுரை போய், அங்கிருந்து ராமேசுவரம் ரயில் ஏறினால் மானாமதுரை, பரமக்குடி என்று நம் ஊர் ஆறு கூடவே துணைக்கு வரும்.

நான் போட்ட திட்டம்

ஒரு ராத்திரி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினேன். முதல் நாள் பாம்பனிலிருந்து ராமேசுவரம். இரண்டாம் நாள் ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாகத் தீவின் முனை வரை. மூன்றாம் நாள் மிச்சம் மீதி. கிலோமீட்டர் கணக்கு, மணிக் கணக்கு எல்லாம் கச்சிதம். பெருமையோடு மனைவியிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "ஏங்க, இதுல நான் எங்க உட்கார்றது?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வெயில் ஏறுனா நிழல் எங்க இருக்கு? தண்ணி எங்க கிடைக்கும்? பொம்பள ஒதுங்க இடம் எங்க இருக்கு? இது நீங்க நடக்க, நான் பின்னாலயே ஓடியார்றதுக்குப் போட்ட கணக்கு" என்றாள்.

கல்லூரியில் படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற என் கர்வம் அந்த நிமிஷமே இறங்கிப்போயிற்று. தூரம் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவள் கேட்ட ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை.

பென்சிலை அவளிடம் கொடுத்தேன். அவள் முதலில் எழுதியது "தங்கச்சிமடம்". அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"மல்லி நாத்து" என்றாள்.

அவள் பிறந்த வீட்டில் மல்லிகைத் தோட்டம் உண்டு. மதுரை மல்லி என்று 2013ல் புவிசார் குறியீடு வாங்கிப் புகழ்பெற்ற பூவுக்கு நாற்று பெரும்பாலும் தங்கச்சிமடம் மணலில்தான் வேர் பிடிக்கிறது. அங்கே பதியன் போட்டு வளர்த்த நாற்றுக் கட்டுகள் நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருகின்றன. அவள் அப்பா வருஷா வருஷம் நாற்று வாங்கப் போனவர். சிறு பெண்ணாக இருந்தபோது, "நானும் வர்றேன்ப்பா" என்று அழுதிருக்கிறாள். கூட்டிப் போனதில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. அவள் மறைக்கவில்லை; நான் கேட்கவில்லை!

அவள் போட்ட திட்டம்

பழைய திட்டத்தில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போயிற்று. மிஞ்சியதை மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

காலம்: தை, மாசி நல்லது. பங்குனி பிறந்தால் மணல் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகா சிவராத்திரி நாட்களைத் தவிர்க்க வேண்டும். அன்று நடக்க அல்ல, நிற்கவே இடம் இராது.

முதல் நாள்: பாம்பனில் இறங்கிப் பாலங்களைப் பார்ப்பது. 1914ல் கட்டிய பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. பிறகு மெதுவாக அக்காள்மடம், தங்கச்சிமடம். நாற்றுத் தோட்டத்தில் எவ்வளவு நேரமானாலும் சரி. மீதித் தூரம் பஸ்ஸில்.

இரண்டாம் நாள்: விடியற்காலையில் முகுந்தராயர் சத்திரம் வரை வண்டியில் போய் இறங்கி, அங்கிருந்து நடை. தனுஷ்கோடிக்கு 5 கி.மீ., அங்கிருந்து முனைக்கு 4.5 கி.மீ. ஆகமொத்தம் ஒன்பதரை. சாலையில் மணிக்கு 4 கி.மீ. நடக்கிறவர், மணலில் இறங்கினால் அதில் பாதிதான் நடப்பார். வழியில் நிழல் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், குடை, பழகிய செருப்பு அவசியம். திரும்பும் வண்டி நேரத்தையும், கழிப்பிடம் எங்கே என்பதையும் புறப்படும் முன்பே விசாரிக்க வேண்டும். பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாம் நாள்: ராமர் பாதம் இருக்கும் கந்தமாதனக் குன்று வரை காலை நடை, சுமார் 3 கி.மீ. மாலையில் கோயிலின் மூன்றாம் பிராகாரம். 1,212 தூண்கள். வெயிலே இல்லாத நடை!

நடையின் வேகம்? இருவரில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகம். இதையும் அவள்தான் எழுதினாள்.

இரண்டு கடல்

தனுஷ்கோடியில் எங்கள் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல், ஊரையும், வந்துகொண்டிருந்த ரயிலையும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களையும் கொண்டுபோயிற்று. வண்டியில் போகிறவர்கள் இடிந்த சுவர் முன்னே படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நடந்து வந்தவனால் அப்படிக் கிளம்ப முடியாது. அந்த ஐந்து கிலோமீட்டர் வெறுமையைக் காலால் அளந்த பிறகுதான், அந்த ராத்திரி ஓடித் தப்ப நினைத்தவனுக்கு எங்கேயும் இடமில்லை என்பது புரிகிறது.

முனையில் இரண்டு கடல்களும் சேருகின்றன. அலை அடங்கிய வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் தீவுக்காரர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வாடைக் காற்று வீசும் மாதங்களில் பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று வந்தால் பழையபடி மாறிவிடும். எப்போதும் அடங்கியே கிடக்க வேண்டும் என்று எந்தக் கடலுக்கும் விதி இல்லை. வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருக்கும்!

ஒரு எச்சரிக்கை: அந்த முனையில் கடலில் இறங்கக் கூடாது. நீரோட்டம் பொல்லாதது.

தெரு என்ன சொல்கிறது?

பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். "மூணு நாளா நடந்தீக, என்னத்தக் கொண்டாந்தீக?" என்று அம்மா கேட்டார். நான்கு மல்லிகை நாற்று. அவற்றில் மூன்று பிழைத்துவிட்டன.

நம் தெருக்களைப் பாருங்கள். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் ஆண் பத்தடி முன்னால் போகிறான். பெண் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறாள். இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெறும் அவசரம்தான். எதற்கு அவசரம் என்று கேட்டால் முன்னால் போகிறவனுக்கே தெரியாது. மூன்று நாள், ஒரு சின்னத் தீவு, ஒரு பென்சில், ஒரு தாள். இவ்வளவு போதும், அந்தப் பத்தடியைக் குறைக்க.

"காரு கிடைக்கலையா?" என்று கேட்டாரே, அவருடைய மனைவி நாங்கள் திரும்பிய மறுநாள் குழாயடியில் என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டாராம்: "அங்ஙன சுத்தி வர எத்தன நாளு வேணும்க்கா?"

"முதல்ல உங்க வீட்டுக்காரருக்கிட்ட ஒரு பென்சில வாங்கு" என்றாளாம் இவள்.