சங்கு பற்பமும் நத்தையின் நரம்பும்

திருப்பத்தூர் நாட்டு மருந்துக் கடையில் போய் 'கடல்நுரை' என்று கேட்டால் வெள்ளையாக, லேசாக, சாக்பீஸ் மாதிரி உதிரும் ஒரு கட்டியை எடுத்துத் தருவார்கள். (வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. அது 2019-ல் தனி மாவட்டமே ஆகிவிட்டது. இது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர், 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர்.) பெயரில்தான் நுரை. உண்மையில் அது கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. கணவாயை மீன் என்று சொல்கிறோம், ஆனால் அது மீனே கிடையாது. நத்தை, சங்கு, சிப்பி, பலகறை எல்லாம் சேர்ந்த மெல்லுடலிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கடல் இங்கிருந்து தூரம்தான். ஆனாலும் செட்டிநாடு கடல் ஓட்டை விட்டு வாழ்ந்ததில்லை. வெற்றிலைக்குத் தடவ சுண்ணாம்பு, பெரிய வீட்டுச் சுவரைக் கண்ணாடி மாதிரி இழைக்க முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு, வயிற்று வலிக்குச் சங்கு பற்பம். இது போக, மூலத்துக்கு நல்லது என்று வயல் நத்தையைக் கறி வைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. (நத்தைச்சூரி என்பது வேறு, அது செடி. நத்தைக்கும் அதற்கும் பெயரைத் தவிர சம்பந்தமில்லை.)

சீன மருத்துவத்திலும் இதே சரக்குகள் இருக்கின்றன. சிப்பி ஓடு மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும், கணவாய் ஓடு வயிற்றுப் புளிப்புக்கு, அபலோன் என்ற கடல் நத்தையின் ஓடு தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும். இரண்டு பழைய நாகரிகங்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன என்பது சுவாரசியமான விஷயம்தான்.

இங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. மெல்லுடலிகளின் நரம்பை வைத்து விஞ்ஞானிகள் பெரிய பெரிய கண்டுபிடிப்புகள் செய்திருக்கிறார்கள் என்று எங்காவது செய்தி வந்தால் போதும், 'இதெல்லாம் நம் சித்தர்களுக்கு அப்போதே தெரியும்' என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. 'சங்கைச் சுட்டுத் தின்றால் வியாதி போகுமா, எல்லாம் மூடநம்பிக்கை' என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. இரண்டு பேருமே பரிசோதனை என்ற ஒன்றைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பேசுகிறார்கள்.

முதலில் அந்தக் கண்டுபிடிப்புகள் என்ன என்று பார்ப்போம்.

நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்பது நீண்ட காலம் புதிர். மனித நரம்பு இழைகள் மிக மெல்லியவை, உள்ளே கம்பி செருகி அளக்க முடியாது. ஊசிக்கணவாய்க்கு மட்டும் தண்ணீரைப் பீய்ச்சித் தப்பி ஓடுவதற்காக அரை மில்லிமீட்டர், சில இனங்களில் அதற்கும் மேல் தடிமனான நரம்பு இழை உண்டு. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1939-ல் அதற்குள் மின்முனையைச் செருகினார்கள். நடுவில் உலகப்போர் வந்தது. 1952-ல் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்கள். சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, பொட்டாசியம் வெளியே போகிறது, அந்த அலைதான் செய்தி. 1963-ல் நோபல் பரிசு. தொண்டிக் கரையில் கூடையில் கிடக்கும் அதே வகைப் பிராணிதான் மனித மூளையின் மொழியைச் சொல்லிக் கொடுத்தது.

அடுத்து கடல் முயல் என்ற, வெளி ஓடில்லாத கடல் நத்தை. அதன் உடம்பில் மொத்தமே 20,000 நரம்பணுக்கள் அளவில்தான். எரிக் கேண்டல் அதைத் தொட்டும் சீண்டியும் பழக்கி, ஞாபகம் என்பது நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இணைப்பு பலப்படுவதுதான் என்று காட்டினார். 2000-ல் அவருக்கும் நோபல்.

மூன்றாவதாகக் கூம்பு நத்தை. மன்னார் வளைகுடாவிலும் நிறைய இனங்கள் உண்டு. அழகான ஓடு, உள்ளே ஈட்டி மாதிரிப் பல், அதில் விஷம். சில இனங்கள் மீனையே குத்தி, அசையவிடாமல் செய்து விழுங்கும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பல்டோமெரோ ஒலிவேரா என்ற பிலிப்பைன்ஸ்காரர் இந்த விஷத்தைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய ஆய்வகத்தில் முக்கியமான வேலைகளைச் செய்தவர்கள் பட்டப்படிப்பே முடிக்காத மாணவர்கள் என்பதைக் கல்லூரியில் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். அதில் மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற மாணவர் பிரித்தெடுத்த 25 அமினோ அமிலம் கொண்ட ஒரு பொருள்தான் பிறகு சிகோனோடைட் என்ற வலி மருந்தானது. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பின் கால்சியம் கதவை அது அடைத்துவிடுகிறது. மார்ஃபின் மாதிரி அடிமையாக்காது. ஆனால் முதுகுத்தண்டு நீருக்குள் பம்பு வைத்துத்தான் ஏற்ற வேண்டும், மனநிலையைக் கடுமையாகக் குழப்பும் பக்கவிளைவுகளும் உண்டு. இந்தியாவிலும் டி.ஐ.எஃப்.ஆரின் கே.எஸ்.கிருஷ்ணன், பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யின் பி.பலராம் போன்றவர்கள் தென்கிழக்குக் கடற்கரைக் கூம்பு நத்தைகளின் விஷத்தை ஆராய்ந்தார்கள். சோடியம் கதவைச் சரியாக மூடவிடாமல் செய்யும் ஒரு பொருளைப் பற்றிய கட்டுரை 2003-ல் வெளிவந்தது.

இப்போது அந்த 'அப்போதே தெரியும்' என்ற வாதத்துக்கு வருவோம்.

சங்கு பற்பம் எப்படிச் செய்கிறார்கள்? சங்கைச் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி, வரட்டி அடுக்கிப் புடம் போடுகிறார்கள். அந்தச் சூட்டில் எந்தப் புரதமும் மிஞ்சாது. மிஞ்சுவது கால்சியம் உப்புகள். கூம்பு நத்தையின் விஷமோ சின்னப் புரதத் துண்டு. தவிர, சங்கு வேறு பிராணி, கூம்பு நத்தை வேறு பிராணி. ஆக, நரம்பு விஷத்துக்கும் பற்பத்துக்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதைதான்.

அதற்காகப் பற்பம் வீண் என்று ஆகிவிடுமா? ஆகாது. குன்மம் என்கிற வயிற்றுப் புண் வலிக்குத்தான் சங்கு பற்பம் முக்கியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கால்சியம் உப்பு வயிற்று அமிலத்தைத் தணிக்கும் என்பது பத்தாம் வகுப்பு வேதியியல். மருந்துக் கடையில் விற்கும் புளிப்பு மாத்திரைகள் பலவற்றிலும் அதே கால்சியம் கார்பனேட் இருக்கிறது. சித்த வைத்தியர் சொன்ன இடத்தில் பற்பத்துக்கு நியாயம் இருக்கிறது. அவர் சொல்லாத இடத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போகிறவர்களால்தான் அதற்குக் கெட்ட பெயர்.

பாரம்பரிய மருந்தும் மெல்லுடலி நரம்பும் உண்மையிலேயே சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது யாருடைய மேடைப் பேச்சிலும் வருவதில்லை.

சர்ப்பகந்தி வேர் நம் நாட்டில் காலங்காலமாகப் பைத்தியம் தெளிய வைக்கும் மருந்து. கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931-ல் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனநோயாளிகளைச் சாந்தப்படுத்துவதையும் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் தன் நோயாளிகளிடம் பார்த்த பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தது.

அதே நேரத்தில் அமெரிக்காவில் பெட்டி ட்வாராக் என்ற இளம்பெண் கடல் சிப்பியின் தசையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சிப்பியைப் பாறையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் தசையைத் தளர்த்தும் நரம்புச் செய்தி எது என்று தேடி, அது செரட்டோனின் என்று கண்டார். சிப்பியில் இருந்தால் மூளையில் ஏன் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1953-ல் இர்வின் பேஜுடன் சேர்ந்து பாலூட்டிகளின் மூளையில் செரட்டோனின் இருப்பதைக் காட்டினார். 1955-ல் ரிசர்பைன் உடம்பின் செரட்டோனின் சேமிப்பைக் காலி செய்துவிடுகிறது என்று தெரிய வந்தது. ஒரு பக்கம் இந்திய வேர், இன்னொரு பக்கம் சிப்பித் தசை. மனநோய்க்கு வேதியியல் காரணம் இருக்கலாம் என்ற நம்பிக்கை வளர இரண்டுமே உதவின.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? ரிசர்பைனைச் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுந்ததாகவும் குறிப்புகள் வந்தன. நல்ல மருந்துகள் வேறு வந்ததும் அதன் உபயோகம் குறைந்தது. பரிசோதனை என்றால் புகழ் மட்டும் வராது, குறையும் சேர்ந்தே வெளியே வரும்.

சீனர்களின் கதையும் இதுதான். மலேரியாவுக்கு மருந்து தேடும் திட்டம் 1967-ல் தொடங்கியது. தூ யூயூ நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹொங்கின் குறிப்பைப் படித்தார். மூலிகையைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை, ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருக்கிறது. அப்படியானால் சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று 1971-ல் குறைந்த சூட்டில் பிரித்தார். முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2015-ல் நோபல். பழைய ஏடு துப்பு கொடுத்தது. தீர்ப்பைச் சொன்னது நோயாளியின் இரத்தத்தில் குறைந்த கிருமி எண்ணிக்கை.

ஜப்பானில் சீன மருத்துவ வழிவந்த காக்காய் வலிப்பு மூலிகைக் கலவை ஒன்றை நத்தையின் நரம்பணுவிலேயே சோதித்தார்கள். ரசாயனம் கொடுத்துத் தாறுமாறாகத் துடிக்க வைத்த அணு அந்தக் கஷாயச் சத்தால் அடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் கண்ணாடித் தட்டில் ஒரு நத்தை நரம்பு அடங்குவதற்கும் ஒரு குழந்தைக்கு வலிப்பு நிற்பதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன.

அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் விலை கொடுப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். 'விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்ற ஒரு வரியை நம்பி, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு லேகியத்துக்கு மாறினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த வீட்டுக்குச் சித்தர் பெருமையும் உதவாது, பகுத்தறிவுக் கேலியும் உதவாது.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்துக்கு எது குறை? நரம்பில் ஓடுவது அயனிகளின் மின்சாரம், அதாவது மின்வேதியியல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. திருப்பத்தூரிலேயே ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி இருக்கிறது. புடம் போடத் தெரிந்த வைத்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே பெயரில் விற்கும் சங்கு பற்பம் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு அமிலத்தைத் தணிக்கிறது என்று பார்க்க ஒரு கல்லூரி ஆய்வகமே போதும். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று இணையத்தில் காப்பி அடிப்பவர்கள் இதைச் செய்யலாமே?

நத்தைகளும் காத்திருக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. ஆனாலும் அழகான ஓடு என்றால் சாவிக்கொத்தாகி விலைக்கு வருவது நிற்கவில்லை. ஒவ்வொரு கூம்பு நத்தை இனமும் தனக்கென நூற்றுக்கும் மேற்பட்ட விஷப் பொருள்களைத் தயாரிக்கிறது. படிக்காமலே ஓர் இனத்தை இழப்பது ஏட்டைப் பிரித்துப் பார்க்காமல் அடுப்பில் போடுவதற்குச் சமம்.

பெருமை பேசுவது சுலபம், கேலி செய்வது அதைவிடச் சுலபம். தராசை எடுத்து அளந்து பார்ப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்கு யார் தயார்?