நோயாளியை நடக்க விடுங்கள்!

வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அல்லது மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் வீடு திரும்பி இருக்கிறார். வீட்டார் என்ன செய்கிறார்கள்?

"நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். தண்ணீர்தானே? நான் கொண்டு வருகிறேன். கடைக்குத் தம்பி போய் வருவான். நீங்கள் பேசாமல் படுத்திருங்கள்" என்கிறார்கள்.

ஒரு வாரம் இப்படிப் போகிறது. ஒரு மாதம் போகிறது. பிறகு அதுவே பழக்கம் ஆகிவிடுகிறது.

இது அன்புதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், இந்த அன்பு நோயாளிக்கு நன்மை செய்கிறதா?

"இல்லை" என்பதே என் பதில். நான் சும்மா சொல்லவில்லை. தன் வாழ்நாள் முழுவதும் மனித உடம்பை அளந்து பார்த்த ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியை வைத்துச் சொல்கிறேன். அவர் பெயர் பெங்ட் சால்டின்.

யார் இவர்?

சால்டின் சுவீடன் நாட்டுக்காரர். 1935-ம் ஆண்டில் பிறந்தவர். மனிதன் ஓடும்போதும் உழைக்கும்போதும் உடம்புக்குள் என்ன நடக்கிறது? இதயம் எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது? தசை எதை எரித்து வேலை செய்கிறது? இவற்றை ஆராய்வதுதான் அவருடைய வேலை.

உழைப்பும் வெப்பமும் உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்து, 1964-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1973-ம் ஆண்டில் டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனில் பேராசிரியர் ஆனார். 1994-ம் ஆண்டில் அந்த நகரில் தசை ஆராய்ச்சிக்கு என்று ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கினார். 2014-ம் ஆண்டில் காலமானார்.

சுமார் 50 ஆண்டுகள் ஒரே துறையில் உழைத்தவர். ஓட்ட வீரர்களையும் ஆராய்ந்தார். படுத்துக் கிடந்தவர்களையும் ஆராய்ந்தார்.

மூன்று வாரப் படுக்கை

மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பது ஒரு காலத்தில் வைத்திய வழக்கமாக இருந்தது. "ஓய்வுதான் மருந்து" என்று உலகம் நம்பியது. அந்த ஓய்வு உடம்பை என்ன செய்கிறது?

1966-ம் ஆண்டில், அமெரிக்காவில் உள்ள டல்லாஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. சால்டினும் அங்கிருந்த டாக்டர்களும் சேர்ந்து அதை நடத்தினார்கள்.

5 இளைஞர்களைத் தேர்ந்து எடுத்தார்கள். சுமார் 20 வயதுக்காரர்கள். எந்த நோயும் இல்லாதவர்கள். அவர்களை மூன்று வாரம் படுக்கையில் போட்டார்கள். நடக்கக் கூடாது!

ஒருவர் தன் முழுப் பலத்தையும் போட்டு உழைக்கும்போது, அவர் உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு பிராண வாயுவைப் பயன்படுத்துகிறது என்று கருவி வைத்து அளக்கலாம். உடம்பின் உழைக்கும் சக்திக்கு அதுதான் அளவுகோல்.

மூன்று வாரம் கழித்து அளந்தார்கள். அந்த சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இறைக்கும் இரத்தத்தின் அளவும் குறைந்திருந்தது.

காளை வயது இளைஞர்களுக்கே இந்தக் கதி!

பிறகு சுமார் எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். இழந்த சக்தி திரும்பி வந்தது. முன்பு பயிற்சியே இல்லாமல் இருந்தவர்கள் முன்னைவிட பலசாலி ஆனார்கள்.

30 ஆண்டுக்குப் பின்

கதை அதோடு முடியவில்லை.

1996-ம் ஆண்டில் அதே 5 பேரையும் மறுபடி அழைத்தார்கள். இப்போது அவர்களுக்கு 50 வயது. தொந்தி விழுந்திருந்தது. சராசரி எடை 77 கிலோவில் இருந்து 100 கிலோவாக ஏறி இருந்தது.

அவர்களுடைய உழைக்கும் சக்தியை அளந்தார்கள். 20 வயதில் இருந்ததைவிட சுமார் எட்டில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது.

நன்றாகக் கவனியுங்கள். 30 ஆண்டு வயது ஏறியதால் போன சக்தி கொஞ்சம். மூன்று வாரம் படுத்ததால் போன சக்தி அதிகம்!

அவர்களுக்கு 6 மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெல்லோட்டம், சைக்கிள். எல்லாம் சிறுகச் சிறுகத்தான். பயிற்சி முடிந்தபோது, 20 வயதில் படுப்பதற்கு முன்பு எந்த அளவு இருந்ததோ, அந்த அளவை எட்டிவிட்டார்கள்.

"5 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 5 பேர் போதாதுதான். அதிலும் அவர்கள் நோயாளிகள் அல்ல.

அதனால்தான் சால்டின் இன்னொரு வேலையையும் செய்தார். டென்மார்க்கைச் சேர்ந்த பெண் டாக்டர் பென்டே குளார்லுண்ட் பெடர்சனுடன் சேர்ந்து, பல நாடுகளில் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி ஆராய்ந்தார். 2006-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் பெரிதாக்கி எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு, 2015-ம் ஆண்டில் அச்சில் வந்தது.

அதில் 26 நீண்டநாள் நோய்கள் சொல்லப்பட்டுள்ளன. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, இதய நோய், பக்கவாதம், ஆஸ்துமா, மூட்டு வலி, முதுகு வலி, மனச்சோர்வு, புற்றுநோய் எல்லாம் அதில் அடங்கும். இந்த நோய்களுக்குத் தேகப் பயிற்சியை மருந்தைப்போல எழுதிக் கொடுக்கலாம் என்பதுதான் கட்டுரையின் சாரம். எந்த நோய்க்கு எந்தப் பயிற்சி, எப்போது பயிற்சி கூடாது என்பதையும் அதில் தனித்தனியே எழுதி இருக்கிறார்கள்.

ஒரு காலுக்குப் பயிற்சி

சர்க்கரை வியாதிக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்?

நாம் நடக்கும்போது கால் தசைகள் வேலை செய்கின்றன. வேலை செய்யும் தசை, இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் அது நடக்கிறது. படுத்திருக்கும் தசைக்கு அந்த வேலை இல்லை.

1976-ம் ஆண்டில் சால்டினும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். ஒரே காலால் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். மிதித்த காலின் தசை தேறியது. மிதிக்காத காலின் தசையில் அந்த மாற்றம் வரவில்லை. இரண்டும் ஒரே உடம்பின் கால்கள்தான்!

ஒரு காலின் உழைப்பு மறு காலுக்கே போய்ச் சேராதபோது, ஒருவருடைய உழைப்பு இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அப்பாவுக்காக மகன் மாத்திரை வாங்கி வரலாம். அப்பாவுக்காக மகன் நடக்க முடியாது.

சீட்டில் எழுதுங்கள்

இப்போது டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

மாத்திரைக்குச் சீட்டு எழுதும்போது, "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்" என்று அளவோடு எழுதுகிறீர்கள். நடைக்கு மட்டும் ஏன் அளவு இல்லை? "கொஞ்சம் நடங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால், நோயாளி வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "நடந்துவிட்டேன்" என்கிறார்.

எத்தனை நிமிடம்? வாரத்தில் எத்தனை நாள்? மெதுவாகவா, வேகமாகவா? இதையும் அதே சீட்டில் எழுதுங்கள். சால்டின் பிறந்த சுவீடனில், தேகப் பயிற்சியைச் சீட்டில் எழுதித் தரும் முறை நடைமுறையில் இருக்கிறது. அதற்காக டாக்டர்களுக்கு ஒரு கையேடே போட்டிருக்கிறார்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை.

நோயாளி அப்பாவாக இருந்தால், "வாருங்கள், நடந்துவிட்டு வரலாம்" என்று கூடப் போக ஆள் கிடைக்கிறது. அம்மாவாக இருந்தால்? "அவள்தான் நாள் முழுவதும் வீட்டு வேலை செய்கிறாளே, அது போதாதா?" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டு வேலை நல்லதுதான். ஆனால், அடுப்படியில் நிற்பதும், தெருவில் மூச்சு வாங்க நடப்பதும் ஒன்றாகாது. அம்மா நடக்கப் போகும் அந்த அரை மணி நேரம், காப்பி போடும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். அதுதான் அவருக்கு நீங்கள் கொடுக்கும் மருந்து.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஓடத் தொடங்காதீர்கள். மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், டாக்டர் சொன்ன நாள்வரை ஓய்வு எடுங்கள். ஓய்வும் ஒரு மருந்துதான். அளவு மீறினால் எந்த மருந்தும் கெடுதல் செய்யும்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, சீட்டை வாங்கிக்கொண்டு உடனே எழுந்துவிடாதீர்கள். "எத்தனை நிமிடம் நடக்கலாம், டாக்டர்?" என்று கேளுங்கள். அதை அந்தச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த மருந்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. ஆனால், தினமும் சாப்பிட மறக்கக் கூடாது!